கல்யாணத்தோடு நிற்க வேண்டாம் பிஹெச்.டி!

தமிழ், வரலாறு, கல்வியியல் படிப்பவர்களுக்கு நூலகமும் ஊர்களும்தான் ஆய்வுக்கூடம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய கோப்புகளைப் புரட்ட வேண்டும். கிராமத்துப் பாட்டிகளிடம் கதை கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பள்ளி வகுப்பறைகளில் மாதக்கணக்கில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். இதற்கெல்லாம் வருடங்கள் பிடிக்கும். அதற்குள் கல்யாணம், ஊர் மாற்றம், குழந்தை என்று வரிசையாக வர, பல பெண்களின் ஆய்வுக் குறிப்புகள் பரண் ஏறிவிடுகின்றன.

அப்படி விட்டுவிடத் தேவையில்லை. யு.ஜி.சி-யின் 2022-ம் ஆண்டு விதிமுறைகள் சொல்வது இதுதான்:

* ஆய்வேட்டை 6 ஆண்டுகளுக்குள் சமர்ப்பிக்க வேண்டும். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் கிடைக்கும். பெண்களுக்கும், 40 சதவிகிதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக 2 ஆண்டுகள். ஆக, 10 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.

* மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக ஆய்வுக் காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள்கள் வரை விடுப்பு தரலாம்.

* கல்யாணமாகி வேறு ஊர் போனால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, சேகரித்த தரவுகளோடு அங்குள்ள கல்வி நிறுவனத்துக்கு மாறலாம்.

* வேலைக்குப் போகிறவர்கள், அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கிப் பகுதி நேரமாகச் சேரலாம். ஆனால், தபால் வழி, ஆன்லைன் பிஹெச்.டி-க்கு அனுமதி கிடையாது. ஏமாந்துவிடக் கூடாது!

இவை எதுவும் தானாக வந்துவிடாது. கெடு முடிவதற்கு முன்பே நெறியாளரிடம் பேசி, எழுத்துபூர்வமாக விண்ணப்பிப்பது முக்கியம்.

விதிகள் பத்து வருடங்களைத் தரும். தினமும் இரண்டு மணி நேரத்தை வீட்டில் இருப்பவர்கள்தான் தர வேண்டும்!