கோபுரம் சாய்ந்தாலும் குரல் கேட்கும்

வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கிறது. மின்சாரம் இல்லை. கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை. பக்கத்து ஊருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். என்ன செய்வீர்கள்?

உங்கள் கைப்பேசி நண்பரின் கைப்பேசியோடு நேராகப் பேசுவதில்லை. இடையில் கோபுரம், கம்பிவடம், இணைப்பகம் எனப் பல கண்ணிகள் உண்டு. ஒன்று அறுந்தாலும் பேச்சு நின்றுவிடும். 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலிக்கு இந்தக் கண்ணிகள் தேவையில்லை. இரு முனையிலும் ஒரு கருவி, ஒரு மின்கலம், ஓர் ஆண்டெனா இருந்தால் போதும்.

2004 டிசம்பர் 26. பினாங்கு, கெடா கரைகளைத் தாக்கிய அதே சுனாமி அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் சூறையாடியது. அப்போது ஹாம் வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும், பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன கருவிகளை அவசர நிலையமாக மாற்றினார்கள். தீவில் இருந்தவர்களைப் பற்றிய செய்திகள் அதன் வழியே இந்தியப் பெருநிலத்தை அடைந்தன.

கருவி மட்டும் இருந்தால் போதாது, கைப்பழக்கமும் வேண்டும். அதற்காகவே வட அமெரிக்காவில் 1933 முதல் 'ஃபீல்டு டே' எனும் களப்பயிற்சி நடக்கிறது. ஜூன் மாதத்தின் நான்காவது முழு வார இறுதியில், ஹாம் மன்றத்தினர் பூங்காவிலும் திடலிலும் கூடாரம் அடித்து, ஒரு முழு நாள் மற்ற நிலையங்களோடு தொடர்பு கொள்கிறார்கள். குரல் வழித் தொடர்புக்கு 1 புள்ளி, மோர்ஸ் குறியீட்டுக்கு 2 புள்ளி. மின்கலத்தில் இயங்கி, 5 வாட் அல்லது அதற்கும் குறைந்த திறனில் ஒலிபரப்பினால் அந்தப் புள்ளிகள் 5 மடங்காகும். 5 வாட் என்பது ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கின் அளவுதான்!

முதல் வேலை ஆண்டெனா கட்டுவது. இங்கே உங்கள் இயற்பியல் பாடம் உதவும். 300-ஐ மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 43 மீட்டர். அதில் பாதி நீளமுள்ள கம்பி போதும். நடைமுறையில் சற்றுக் குறைத்து ஏறத்தாழ 20 மீட்டர் வைப்பார்கள். பூப்பந்து ஆடுகளத்தைவிட நீளமான இந்தக் கம்பியை இரு மரங்களுக்கிடையே கட்டிவிடலாம்.

ஏன் இரவு பகலாகப் பயிற்சி? தரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டருக்கு மேலே அயனி மண்டலம் தொடங்குகிறது. சிற்றலைகள் அதன் மேலடுக்குகளில் வளைந்து பூமிக்குத் திரும்புவதால்தான் வெகுதூரம் செல்கின்றன. பகலில் சூரிய ஒளியால் உருவாகும் கீழடுக்கு, 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகளின் ஆற்றலை ஓரளவு உறிஞ்சிவிடும். இரவில் அந்த அடுக்கு மறைய, அதே அலை இன்னும் தொலைவுக்குப் போகும். எந்த நேரத்துக்கு எந்த அதிர்வெண் என்பதை விழித்திருந்து பார்த்தவரே சட்டென்று சொல்வார்.

மின்கலத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். 100 வாட் கருவி ஒன்று கேட்கும்போது சுமார் 1 ஆம்பியர், முழுத் திறனில் பேசும்போது சுமார் 20 ஆம்பியர் இழுக்கும் என வைத்துக்கொள்வோம். 20 ஆம்பியர்-மணி மின்கலம் ஏட்டளவில் 20 மணி நேரம் கேட்க உதவும். இடைவிடாது பேசினாலோ 1 மணி நேரம்தான்! அதனால் நல்ல இயக்குநர் அதிகம் கேட்பார், சுருக்கமாகப் பேசுவார்.

நம் வட்டாரத்திலும் ஹாம் வானொலியாளர்கள் இருக்கிறார்கள். 9எம், 9டபிள்யூ என்று தொடங்கும் அழைப்புக்குறி மலேசியாவுடையது, 9வி சிங்கப்பூருடையது. ஒலிபரப்புவதற்கு முன் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும். அந்தத் தேர்வுக்கு வேண்டிய மின்சுற்று, அலை, அதிர்வெண் ஆகியவற்றின் அடிப்படை உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது.

அடுத்த முறை மின்சாரம் தடைபடும்போது, உங்கள் வீட்டில் எந்தெந்தக் கருவி இன்னும் பேசும் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள்.