வாலிபர்க்கு ஒரு கலைக்கூடம்

பிள்ளைமையும் அன்று, முதிர்ச்சியும் அன்று எனத்தக்க ஓர் இடைப்பருவம் 13 வயது தொடங்கி 19 வயதளவும் செல்வதாம். ஆற்றல் பெருகி நிற்பதும், அதனைச் செலுத்தும் வழி அறியாது மனம் அலைவதும் இப்பருவத்தின் இயல்பு. பள்ளி விட்டபின் மாலைப்பொழுதில் இவர்கள் செல்லத்தக்க இடம் யாது? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகட்குச் சங்கீதமும் சித்திரமும் கற்பிக்க ஆசிரியர் உளர். ஏனையோர்க்குத் தெருவே கதியாகின்றது. இக்குறையை நீக்கும்பொருட்டு ஊரில் ஒரு கலைக்கூடம் அமைக்கும் வகையினை, நிகழ்ந்த வரலாறு ஒன்றைக்கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில், எஃகுத் தொழிலாற் பெயர்பெற்ற பிட்ஸ்பர்க் நகரில், மான்செஸ்டர் என்றொரு பகுதி உண்டு. கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த அப்பகுதி வறுமையால் நலிந்திருந்தது. அங்கு வளர்ந்தவர் பில் ஸ்டிரிக்லண்ட் என்பவர். 1963-ஆம் ஆண்டில், 16 வயதினராய், படிப்பிற் பற்றின்றிப் பள்ளியில் காலங்கழித்து வந்த அவர், ஒருநாள் ஒரு வகுப்பறையின் கதவு திறந்திருப்பக் கண்டு உள்ளே நோக்கினார். ஆங்குச் சித்திர ஆசிரியராகிய பிராங்க் ராஸ் என்பார் குயவர் சக்கரத்தில் மண்கலம் வனைந்துகொண்டிருந்தார். உருவற்ற மண் கைப்பட்டவளவில் கலமாக எழுந்ததைக் கண்ட இளைஞர், அதனைத் தமக்கும் கற்பிக்க வேண்டினார். ஆசிரியரும் இசைந்தார். கல்லூரியை எண்ணியும் பாராத அம்மாணாக்கர், அவ்வாசிரியரின் தூண்டுதலால் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துட் புகுந்தார்.

1968-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டபொழுது, அந்நகரிலும் கலகம் மூண்டது. அவ்வாண்டிலேயே, இன்னும் மாணாக்கராயிருந்த ஸ்டிரிக்லண்ட், தம் பகுதிப் பிள்ளைகட்கு மட்கலத் தொழில் கற்பிக்க 'மான்செஸ்டர் கிராஃப்ட்ஸ்மென்ஸ் கில்டு' என்னும் கைவினைஞர் மன்றத்தைச் சிறிய அளவில் தொடங்கினார்.

தீக்கிரையான தெருக்களுக்கு மட்கலம் மருந்தாகுமோ என்று வினவுவார் இருக்கலாம். அத்தொழிலின் இயல்பை நோக்குமின். சக்கரத்தின் நடுவே மண் நிலைபெறாவிடின் கலம் எழாது. கை நடுங்கின் மண்ணும் நடுங்கும். ஈரம் உலருமுன் சூளையிலிட்டால் கலம் வெடிக்கும். பொறுமையின்மைக்குரிய பயனை ஒருவரும் கடிந்துரையாமல் மண்ணே அறிவித்துவிடுகின்றது. மீண்டும் வனைந்து, முடிவில் தன் கையாற் செய்த ஒரு கலத்தைத் தாய்முன் கொண்டுபோய் வைக்கும் பிள்ளை, தன்னாலும் ஒன்று ஆகும் என்பதை அன்றே அறிகின்றான். பிற பாடங்களைக் கற்கும் துணிவும் அவ்வறிவினின்று பிறத்தல் கூடும்.

1972-இல், நலிவுற்றிருந்த பிட்வெல் தொழிற்பயிற்சிக் கூடத்தை நடத்தும் பொறுப்பும் அவரிடம் வந்தது. முதியோர்க்குத் தொழிலும் இளையோர்க்குக் கலையும் ஒரே நிலையத்திற் கற்பிக்கலாயினர். 1986-இல் இவ்விரண்டிற்கும் டாசோ கட்செலாஸ் என்னும் சிற்பியார் வகுத்த 62,000 சதுர அடியுள்ள புதுக் கட்டடம் எழுந்தது. முகப்பில் நீரூற்று, உள்ளே நல்ல வெளிச்சம், சுவர்களிற் கலைப்பொருள்கள், 350 பேர் அமரத்தக்க இசைமண்டபம். 1987 முதல் புகழ்வாய்ந்த ஜாஸ் இசைவாணர் அங்கு வந்து பாடலாயினர்.

வறியோர் பயிலுமிடத்திற்கு இத்துணை அழகு வேண்டுமோ எனச் சிலர் ஐயுற்றனர். சிறைபோன்ற இடத்தில் வைத்தால் சிறைப்பட்டார்போல் ஒழுகுவர். மதிப்புடைய இடத்தில் வைத்தால் மதிப்புடையார்போல் ஒழுகுவர் என்பதே ஸ்டிரிக்லண்ட் கொண்ட கொள்கை. இப்பணியின் பொருட்டு 1996-இல் அவர்க்கு மக்கார்தர் பரிசு வழங்கப்பெற்றது. கிராண்ட் ராப்பிட்ஸ், சின்சினாட்டி, கிளீவ்லண்ட் முதலிய நகரங்களிலும் இம்முறையைப் பின்பற்றி நிலையங்கள் தோன்றின.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கன நான்கு. முதலாவது, கற்பிப்போர் தாமே அக்கலையைச் செய்பவராயிருத்தல் வேண்டும். ராஸ் என்பார் சொற்பொழிவாற்றி அன்று, வனைந்து காட்டியே ஒருவரைத் தம்பால் ஈர்த்தார். இரண்டாவது, தரப்படும் கருவிகள் உண்மையான கருவிகளாயிருத்தல் வேண்டும். விளையாட்டுப் பொருளைக் கொடுத்தால் விளையாட்டாகவே முடியும். மூன்றாவது, கட்டணம் பற்றி ஒருவரும் வாயிலில் நின்றுவிடலாகாது. நான்காவது, பிள்ளைகள் செய்தனவற்றை ஊரார் வந்து காணுமாறு பொருட்காட்சியும் அரங்கேற்றமும் ஆண்டுதோறும் நிகழ்தல் வேண்டும். காண்பாரின்றிக் கலை வளராது.

பெருநிதி திரளுமளவும் காத்திருப்போம் என்பார் இதனை ஒருநாளும் தொடங்கார். அப்பெருங் கட்டடத்திற்குமுன் 18 ஆண்டுகள் சிறிய இடத்திலேயே அம்மன்றம் நடந்தது. மாலையில் பூட்டிக்கிடக்கும் ஓர் அறை, கலையறிந்த ஒருவர், வாரம் இரண்டு நாள் தவறாது வரும் இரண்டொரு தொண்டர் ஆகிய இவையே தொடக்கத்திற்குப் போதும். மாணவ நண்பர்காள்! அத்தகைய அறையொன்று நம் அருகிலும் இருத்தல் கூடும். அதன் கதவைத் திறந்து வைப்போமாயின், எட்டிப் பார்க்கும் இளைஞன் ஒருவன் வாராதிரான்.