மூட்டைக்கு முப்பது லிட்டர்

பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் வீடு கட்டுகிறவர் சிமெண்டுக்காக வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. பக்கத்து அரியலூர் மாவட்டம் முழுக்கச் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும்தான். ஜல்லியும் எம்-சாண்டும் பெரம்பலூர் குவாரிகளிலேயே கிடைக்கும். இவற்றை எந்த அளவில் சேர்ப்பது, எவ்வளவு கம்பி வைப்பது என்று சொல்லும் விதிநூல்தான் நெடுங்காலம் எட்டாமல் இருந்தது.

சிமெண்ட் மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 1489 என்றோ 269 என்றோ ஓர் எண் அச்சாகியிருக்கும். இந்திய தர நிர்ணய அமைவனம், அதாவது பி.ஐ.எஸ்., வெளியிட்ட விதிநூலின் எண் அது. கம்பிக்கு 1786, ஜல்லிக்கும் மணலுக்கும் 383, காற்றின் விசைக்கு 875-இன் மூன்றாம் பகுதி, நிலநடுக்கத்துக்கு 1893. காங்கிரீட்டுக்கு 456. கட்டுமானப் பொறியியல் படித்த எவரும் 456-ஐப் புரட்டாமல் பட்டம் வாங்கியிருக்க முடியாது. கட்டுகிற மேஸ்திரிகளில் பலர் அதைப் பார்த்ததே இல்லை.

காரணங்களில் ஒன்று விலை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒருகாலத்தில் பதின்மூவாயிரம் ரூபாய்க்கு மேல் விற்றது. கார்ல் மலமூட் என்ற அமெரிக்கர் இந்த நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினார். எதிர்ப்பு வந்ததும், 2015-இல் இந்தியர்கள் இருவருடன் சேர்ந்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மக்களின் உயிர்ப் பாதுகாப்புக்கான விதிகளை மக்கள் காசு கொடுக்காமல் படிக்கக்கூடாதா என்பது அவர் கேள்வி. எனக்கு அதில் மறுபேச்சே இல்லை. இன்று பி.ஐ.எஸ். இணையதளத்தில் பெயரைப் பதிந்துகொண்டால் 456 உட்படப் பெரும்பாலான இந்தியத் தரநூல்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

நூல் வந்துவிட்டது, சரி. படித்துச் சொல்ல ஆள்? எறையூர் சிப்காட்டில் 2022 நவம்பரில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அப்படிப்பட்ட ஆலைக் கொட்டகைகளுக்கு வடிவமைப்புப் பொறியாளர்கள் தனியாக இருப்பார்கள். காற்றுக்கான தரநூலில் திருச்சிக்கு வினாடிக்கு 47 மீட்டர் வேகம் என்று போட்டிருக்கிறது; கூரைத் தகட்டைக் காற்று மேலே உறிஞ்சும் விசை வரை கணக்குப் போட்டுத்தான் போல்ட் முடுக்குவார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் கடன் வாங்கி வீடு கட்டுகிறவருக்கு மேஸ்திரி வாக்குதான் வேதம்.

அந்த வாக்கில் முதலில் வருவது ‘ஒண்ணுக்கு ரெண்டு, ரெண்டுக்கு நாலு.’ ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி. வழக்கமான கணக்கில் இது எம்15 தரம். கம்பி போட்ட காங்கிரீட் எம்20-க்குக் கீழே இருக்கக்கூடாது என்கிறது 456. ஆய்வகம் போகாமல் எம்20 கலப்பதற்கும் அதே நூலில் ஓர் அட்டவணை உண்டு: 50 கிலோ மூட்டைக்கு மணலும் ஜல்லியும் சேர்த்து 250 கிலோ, தண்ணீர் அதிகபட்சம் 30 லிட்டர். எம்-சாண்ட் நனைந்திருந்தால் அந்த ஈரமும் இந்த முப்பதில் அடக்கம். தளம் போடும் நாளில் மிக்சர் பக்கத்தில் நின்று பாருங்கள். ‘இறுகிப்போச்சு, ஊத்துடா’ என்ற குரலுக்குக் குடம் குடமாகச் சாய்வார்கள். கலவை வழுக்கிக்கொண்டு ஓடும், வேலை சுளுவாக முடியும். மிகுந்த தண்ணீர் பின்னால் ஆவியாகி, உள்ளே நுண்துளைகளை விட்டுப் போகும். வலிமை குறையும், கம்பிக்குத் துரு வழி கிடைக்கும்.

தண்ணீர் தாராளமாக வேண்டியது அதற்குப் பிறகுதான். வறண்ட வெயிலில் குறைந்தது 10 நாள் நனைத்து வைக்கச் சொல்கிறது நூல், பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டானால் 14 நாள் வரை நீட்டுவது நல்லது. பெரம்பலூர் சித்திரை வெயிலில் இதைப் பேரம் பேசுவதற்கில்லை.

2024-இல் தமிழக அரசு சுயசான்றுத் திட்டம் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். அலைச்சல் மிச்சம். ஆனால் அந்த அனுமதி பில்லருக்குள் எத்தனை கம்பி என்று எண்ணிப் பார்ப்பதில்லை. பில்லர், பீம், பூட்டிங் அளவுகளும் கம்பி விவரமும் உள்ள ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தைப் பொறியாளரிடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். எந்தத் தரநூல்படி, எந்த மண் தாங்குதிறனை வைத்துக் கணக்கிட்டது என்று அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவர் கணக்கே போடாமல் இருக்கலாம்.

மண்ணைப் பற்றி இந்த மாவட்டத்தில் கட்டாயம் கேட்க வேண்டும். பருத்தி விளையும் கரிசல், மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். மேலோட்டமான அஸ்திவாரத்தைத் தூக்கி இறக்கிச் சுவரைக் கீறிவிடும். ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே அடியில் குமிழ் விட்ட பைல் முறையை வளர்த்தது. அதன் விதிகள் ஐ.எஸ். 2911-இன் மூன்றாம் பகுதியில் இருக்கின்றன. மண் உப்புமா என்று பார்க்க 2720-இன் நாற்பதாம் பகுதியில் எளிய சோதனை ஒன்று உண்டு. உலர்த்திச் சலித்த மண் பத்துப் பத்து கிராம், அளவு குறித்த இரண்டு கண்ணாடிக் குழாய்களில். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் மண்ணெண்ணெய். ஒரு நாள் வையுங்கள். மண்ணெண்ணெயில் கரிசல் உப்பாது. நீர்க் குழாயில் மண் அதைவிட உயர்ந்து நின்றால், கடைக்கால் தோண்டுவதை நிறுத்திவிட்டு மண் பரிசோதனைக்கு ஆள் தேடுங்கள். திருச்சி என்.ஐ.டி.யிலும் அரியலூரில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியிலும் சிவில் துறையில் விசாரிக்கலாம்.