இயக்கப் பின்னூட்டமுள்ள தாழ்சுர ஒலிபெருக்கியை அளத்தல்

தாழ்ந்த சுரங்களை எழுப்புவதற்கென அமைந்த ஒலிபெருக்கி 'வூஃபர்' எனப்படும். காந்தப்புலத்தில் தொங்கும் கம்பிச்சுருள் ஒன்று அதன் கூம்பை முன்னும் பின்னும் இயக்குகிறது. சிறிய மூடிய பெட்டியில் இதனைப் பொருத்தினால், உள்ளே அடைபட்ட காற்று வில்லைப்போல் எதிர்க்கிறது. அதனால் ஒத்ததிர்வெண் உயர்கிறது. அதற்குக் கீழே, அதிர்வெண் பாதியாகுந்தோறும் ஒலியழுத்தம் ஏறத்தாழ 12 டெசிபல் குறைகிறது. வீச்சு பெரிதாகும்பொழுது, மூலத்தில் இல்லாத மேற்சுரங்களும் கலந்து ஒலி திரிபடைகிறது.

இக்குறைகளைப் போக்கும் வழிகளுள் ஒன்று இயக்கப் பின்னூட்டம். 1970களில் பிலிப்ஸ் நிறுவனம் இம்முறையில் ஒலிபெருக்கிகளைச் செய்து விற்றது. கூம்புடன் சேர்ந்து அசையும் அழுத்தமின் படிகம் ஒன்று, அதன் முடுக்கத்தை மின்குறிகையாக மாற்றுகிறது. தாழ்ந்த அதிர்வெண்களில் ஒலியழுத்தம் கூம்பின் முடுக்கத்திற்கு நேர்விகிதத்தில் அமைவதால், முடுக்கமே அளக்கப்படுகிறது. பெருக்கி இக்குறிகையை மூலக்குறிகையுடன் ஒப்பிட்டு, வேறுபாட்டைத் திருத்துகிறது. சுற்றின் பெருக்கம் 9 ஆயின், இயக்கத்தில் தோன்றும் பிழை கொள்கையளவில் பத்தில் ஒன்றாகும்.

இந்நன்மை உண்மையில் கிடைத்ததா என்பதை எவ்வாறு அறிவது? படிகம் தரும் குறிகையை மட்டும் பார்த்து முடிவு செய்தல் தவறு. பெருக்கி அப்படிகத்தை நம்பியே திருத்துகிறது. படிகம் பிழையாகக் காட்டினால், கூம்பும் அப்பிழைக்கேற்பவே அசையும். குறிகையோ குறையற்றதாகவே தோன்றும். ஆகவே சுற்றுக்கு வெளியிலுள்ள ஒலிவாங்கி ஒன்றே சாட்சியாதல் வேண்டும்.

40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 8.6 மீட்டர். சாதாரண அறையில் சுவர்களின் எதிரொலி அளவைக் கெடுத்துவிடும். இதற்கு 1974இல் டி. பி. கீல் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் விளக்கிய அண்மைப்புல முறை துணைசெய்கிறது. ஒலிவாங்கியைக் கூம்பின் நடுவே, ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு தூரத்திற்குள் வைத்தால், எதிரொலியின் பங்கு மிகச் சிறிதாகும். 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள கூம்புக்கு இத்தூரம் 1 சென்டிமீட்டர். இவ்வளவை ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸ் வரை பொருந்தும். அருகிலுள்ள மிகுந்த அழுத்தத்தைத் திரிபின்றித் தாங்கக்கூடிய ஒலிவாங்கியையே பயன்படுத்துதல் வேண்டும்.

முதலில் பின்னூட்டத்தைத் துண்டித்தும், பின்னர் இணைத்தும் அளத்தல் வேண்டும். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் இருமுறையும் ஒலியழுத்தம் சமமாக இருக்குமாறு உள்ளீட்டைச் சரிசெய்தல் இன்றியமையாதது. பின்னூட்டம் மொத்தப் பெருக்கத்தையும் குறைத்துவிடும். மெலிந்த ஒலியில் திரிபு இயல்பாகவே குறைவு. இதனை மறந்தால், ஒலி குறைந்ததன் பயனைப் பின்னூட்டத்தின் பயனென்று எண்ண நேரிடும்.

இறுதியாக, உள்ளீட்டைப் படிப்படியாக உயர்த்தி, திரிபு திடீரென மிகும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒலியழுத்தம் மாறாதிருக்க, அதிர்வெண் பாதியானால் கூம்பின் வீச்சு நான்கு மடங்காக வேண்டும். 40 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர் அசைந்த கூம்பு, 20 ஹெர்ட்ஸில் 8 மில்லிமீட்டர் அசைய வேண்டும். சுருள் காந்த இடைவெளியை விட்டு வெளியேறினாலோ, பெருக்கியின் ஆற்றல் தீர்ந்தாலோ, பின்னூட்டத்தால் பயனில்லை. அது மேலும் உந்துவதால் சுருளுக்குக் கேடும் விளையலாம். எனவே அளவைக் குறிப்பில் திரிபின் விழுக்காட்டுடன் அதிர்வெண், ஒலியழுத்தம், ஒலிவாங்கியின் தூரம் ஆகிய மூன்றையும் எழுதுதல் வேண்டும். அவையின்றித் தனித்து நிற்கும் விழுக்காடு எதனையும் மெய்ப்பிக்காது.