விசுவாசமும் மருந்தும்: யோர்தானில் ஏழு முறை

சிரிய நாட்டுப் படைத்தலைவனாகிய நாமான் தொழுநோயால் வருந்தினான். அவனுடைய வீட்டில் பணி செய்த இஸ்ரயேல் சிறுமி ஒருத்தியின் சொற்கேட்டு, பொன்னும் வெள்ளியும் தேரும் குதிரைகளுமாய்ப் புறப்பட்டு, இறைவாக்கினர் எலிசாவின் வாயிலில் வந்து நின்றான். எலிசாவோ வெளியே வரவில்லை. யோர்தான் ஆற்றில் ஏழு முறை மூழ்கும்படி ஆளனுப்பிச் சொன்னார். நாமானுக்குச் சினம் மூண்டது. இறைவாக்கினர் தன் முன்னே வந்து, இறைவனின் பெயரைச் சொல்லி மன்றாடி, கையை அசைத்துக் குணமாக்குவார் என்றல்லவா அவன் எண்ணியிருந்தான்! கடினமான செயலைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே, இந்த எளிய செயலைச் செய்யலாகாதா என்ற கருத்தில் அவனுடைய பணியாளரே அவனுக்கு அறிவூட்ட வேண்டியதாயிற்று (2 அரசர்கள் 5).

இறைவன் குணமளிக்கும்போது அது இடிமுழக்கத்தோடு நிகழ வேண்டும் என்று நாமும் எதிர்பார்க்கிறோம். அவரோ பல வேளைகளில் எளியதும் நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதுமான ஒன்றையே நம் கையில் தருகிறார். நாட்பட்ட குருதிப் புற்றுநோய்க்கெனப் புதிதாக ஒரு மருந்தைத் தொடங்கும் சகோதரருக்கும் சகோதரிக்கும், அவர்களைச் சூழ்ந்து நிற்கும் குடும்பத்தவர்க்கும் நாமானின் வரலாறு ஒரு பாடமாக அமைகிறது.

நோயும் மருந்தும்

வைத்தியர்கள் சி.எம்.எல். என்று சுருக்கமாக அழைக்கும் குருதிப் புற்றுநோய் மெல்ல வளர்வது. களைப்பு, உடல் மெலிவு, இரவில் வியர்த்தல், மண்ணீரல் வீங்குவதால் இடப்பக்க விலாவின் கீழே கனம் ஆகியன அதன் அடையாளங்கள். பலருக்கு இவை எதுவும் இராது. வேறொரு தேவைக்காகச் செய்த குருதிப் பரிசோதனையில் வெண்கலங்கள் அளவுக்கு மிஞ்சியிருப்பது தெரியவந்து, நோய் வெளிப்படும்.

இந்நோயின் வேரைக் கண்டறிந்த கதை வியப்புக்குரியது. 1960 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்ட் என்னும் இரு ஆய்வாளர்கள், இந்நோயாளரின் குருதிக் கலங்களில் வழமையிலும் சிறியதொரு நிறமூர்த்தம் இருப்பதைக் கண்டனர். ஜேனட் ரௌலி என்னும் வைத்தியர், நான்கு பிள்ளைகளின் தாய், நிறமூர்த்தப் படங்களை வெட்டித் தம் வீட்டு உணவு மேசையில் பரப்பி ஒப்புநோக்கினார். ஒன்பதாம், இருபத்திரண்டாம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் ஒன்றுக்கொன்று இடம் மாறியுள்ளன என்பதை 1973 இல் அவர் வெளிப்படுத்தினார். அந்த மாற்றத்தால் உருவாகும் ஒரு புரதமே, பெருகு, பெருகு என்று என்பு மச்சைக்கு ஓயாது கட்டளையிடுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று.

அப்புரதத்தின் வாயை அடைப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட மருந்து இமடினிப். பிரையன் ட்ரூக்கர் என்னும் வைத்தியரின் விடாமுயற்சியால் 1998 இல் அது முதன்முதலாக நோயாளருக்குக் கொடுக்கப்பட்டது. 2001 மே மாதத்தில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. முன்னாளில் இந்நோய் கண்டவர் சில ஆண்டுகளே வாழ்வார் என்ற நிலை இருந்தது. இமடினிப்புடன் சிகிச்சையைத் தொடங்கியவர்களுள் நூற்றுக்கு 83 பேர் பத்தாண்டுகளின் பின்னும் உயிரோடிருந்தனர் என்று 2017 இல் வெளியான பெரிய ஆய்வொன்று கூறுகிறது. சிறிய நிறமூர்த்தம் கண்ணில் பட்ட நாள் முதல் குளிசை கைக்கு வரும்வரை 41 ஆண்டுகள் சென்றன. அந்த உழைப்பு முழுவதும் இறைவனின் பராமரிப்புக்கு வெளியே நடந்தது என்று எவர் சொல்ல முடியும்?

பூமியினின்று மருந்துகளைத் தோன்றச் செய்தவர் ஆண்டவரே என்றும், அறிவுள்ளோர் அவற்றை வெறுத்தொதுக்கார் என்றும் சீராக்கின் ஞானம் நமக்குக் கற்பிக்கிறது. நோயுற்றவன் இறைவனிடம் மன்றாடவும் வேண்டும், வைத்தியருக்கு இடமளிக்கவும் வேண்டும் என்று அந்நூல் இரண்டையும் ஒருங்கே வைக்கிறது (சீராக் 38). எசேக்கியா அரசன் கண்ணீரோடு மன்றாடினான். இறைவன் அம்மன்றாட்டைக் கேட்டார். ஆயினும் அவனுடைய புண்ணின் மேல் அத்திப்பழ அடையை வைக்கும்படி எசாயா பணித்தார். இறைவேண்டல் ஒரு கையானால், மருந்து மறு கை.

தொடங்கும் நாள்களில்

புதிய மருந்தைத் தொடங்கும்போது அச்சம் எழுவது இயல்பே. இமடினிப்பை வழமையாக நாளுக்கு 400 மில்லிகிராம் என்ற அளவில், உணவோடும் பெரிய குவளை நீரோடும் உட்கொள்ளச் சொல்வார்கள். முதல் வாரங்களில் குமட்டல், கண்ணைச் சுற்றிய வீக்கம், தசைப்பிடிப்பு, வயிற்றோட்டம், தோலில் தடிப்பு, களைப்பு முதலியன வரலாம். குருதிக் கலங்களின் எண்ணிக்கை குறையவும் கூடும். ஆகையால் தொடக்கத்தில் அடிக்கடி குருதிப் பரிசோதனை செய்வார்கள். இவற்றுட் பலவற்றுக்குப் பரிகாரம் உண்டு. வைத்தியர் மருந்தின் அளவைக் குறைக்கலாம். சில நாள் நிறுத்தலாம். வேறு மருந்துக்கு மாற்றலாம். அந்தத் தீர்மானம் அவருடையது. வீட்டிலுள்ளோரோ அயலவரோ அதைச் செய்யலாகாது. வேறு குளிசைகளையும் நாட்டு மருந்துகளையும் வைத்தியரிடம் கேளாமற் சேர்த்துக்கொள்ளலும் ஆகாது. குழந்தைப் பேற்றை விரும்பும் பெண்கள் அதனை முற்கூட்டியே வைத்தியரிடம் எடுத்துரைத்தல் மிக அவசியம்.

உண்மையான சோதனை பின்னரே வருகிறது. சில மாதங்களில் குருதியின் நிலை சீரடைகிறது. உடலில் தெம்பு பிறக்கிறது. நோய்தான் போய்விட்டதே, இனிக் குளிசை எதற்கு என்ற எண்ணம் தலைதூக்குகிறது. செபக் கூட்டமொன்றில் யாரோ தலையில் கைவைத்துச் செபித்து, நீ குணமடைந்துவிட்டாய், மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று சொல்லிவிட்டால், அந்த எண்ணம் பக்தியின் உடையையும் அணிந்துகொள்கிறது. மருதமடுத் தாயாருக்கு நேர்த்தி வைத்த குடும்பமொன்றை எண்ணிப் பாருங்கள். பரிசோதனை முடிவு நன்றாக வந்ததும் தாய்க்கு நன்றி செலுத்துகிறார்கள், அது நல்லதே. அந்நன்றியின் அடையாளமாகவே குளிசையை நிறுத்திவிட்டால், அது விசுவாசமாகுமா?

ஆகாது. 2010 இல் இலண்டனில் இருந்து வெளிவந்த ஆய்வொன்று இதைத் தெளிவாக்குகிறது. உரிய குளிசைகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேல் தவறாது உட்கொண்டவர்களுக்கு, ஆறு ஆண்டுகளில் நோய் மிக ஆழமாக அடங்குவதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 94 வாய்ப்பு இருந்தது. அவ்வாறு உட்கொள்ளாதோர்க்கு அந்த வாய்ப்பு 28 மட்டுமே. மாதத்தில் மூன்று நாள் மறந்தாலே பத்திலொன்று போய்விடுகிறது! பல ஆண்டுகள் நோய் ஆழ்ந்து அடங்கியிருக்கும் சிலருக்கு, நுண்ணிய பரிசோதனைகளின் துணையோடு மருந்தை நிறுத்திப் பார்க்கும் வழி இன்று உண்டு என்பது உண்மை. அதுவும் வைத்தியரின் கண்காணிப்பில் மட்டுமே நிகழ வேண்டியது. அவர்களுட் பலருக்கு நோய் மீண்டும் தலைகாட்டி, மருந்தைத் திரும்பத் தொடங்க வேண்டியும் வருகிறது.

இறைவாக்கினர் ஏழு முறை என்றார். மூன்றாம் முழுக்கிலே நாமான் கரையேறியிருந்தால் என்னவாகியிருக்கும்? கீழ்ப்படிதலின் அழகு தொடக்கத்தில் மட்டுமன்று, தொடர்ச்சியிலும் உள்ளது.

திருச்சபை தரும் துணை

நம் விசுவாச வாழ்வின் ஒழுங்குகள் எவையும் இம்மருந்துக்குத் தடையாக நிற்பதில்லை. நற்கருணைக்கு முன்னரான ஒரு மணி நேர நோன்பைத் தண்ணீரும் மருந்தும் முறிப்பதில்லை. நோயாளரும் அவர்களைப் பராமரிப்போரும் அந்த ஒரு மணி நேரத்துள் உணவு உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம் என்று திருச்சபைச் சட்டமே கூறுகிறது. திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி நோன்பும் நோயாளரைக் கட்டாயப்படுத்துவதில்லை. உணவோடு எடுக்க வேண்டிய குளிசையை நோன்பின் பொருட்டு வெறும் வயிற்றில் எடுப்பதோ, விட்டுவிடுவதோ இறைவன் கேட்கும் பலியன்று. மடுவுக்கு யாத்திரை செல்லும்போது செபமாலையோடு குளிசைப் பெட்டியும் பயணிக்கட்டும்.

நோயிற்பூசுதல் என்னும் அருட்சாதனத்தை நாடவும் தயங்க வேண்டாம். குருவானவர் வந்தால் இறுதி வேளை நெருங்கிவிட்டது என்று அஞ்சி, அவரை வாசலுக்கு அழைக்கவே தயங்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. இந்த அருட்சாதனம் மரணத் தறுவாயில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இலேயே தெளிவுபடுத்தியது. கடும் நோயொன்றின் சிகிச்சையைத் தொடங்கும் ஒருவர், திடத்தையும் அமைதியையும் வேண்டி இதனைப் பெறலாம்.

குடும்பத்தவர்க்கும் ஒரு சொல். நம் சமூகத்தில் இந்நோயின் பெயரையே மறைக்கிறோம். பிள்ளைகளின் திருமணம் தடைப்படுமோ என்று தாய் தன் குளிசையை அடுக்களைச் சாடிக்குள் ஒளித்துவைக்கும் நிலை வரக்கூடாது. இந்நோய் தொற்றுவதன்று. இதற்குக் காரணமான நிறமூர்த்த மாற்றம் ஒருவருடைய வாழ்நாளில் அவரது என்பு மச்சையில் உண்டாவது. பிள்ளைகளுக்குப் பரம்பரையாகச் செல்வதன்று. ஒளித்துவைக்கும் மருந்து எளிதில் மறந்துபோகும். மாறாக, இரவு உணவின் பின் குடும்ப செபமாலைக்குக் கூடும் நேரத்திலே, பிள்ளையொன்று தண்ணீரைக் கொண்டுவந்து கொடுக்க, எல்லோர் முன்னிலையிலும் அக்குளிசை உட்கொள்ளப்படட்டும். நாமானுக்கு வழி காட்டியவளும் அவனுடைய வீட்டுச் சிறுமி ஒருத்தியே அல்லவா!

மருந்தின் விலையும் நினைவுக்குரியது. தொடக்கத்தில் இது ஏழைகளுக்கு எட்டாக் கனியாய் இருந்தது. 2015 இல் உலக சுகாதார ஸ்தாபனம் இமடினிப்பை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் மாதந்தோறும் சிகிச்சை நிலையத்துக்குச் செல்லும் பேருந்துக் கட்டணமும், அன்றைய நாட்கூலி இழப்பும் ஒரு குடும்பத்தைத் தளரச் செய்யும். அயலவர் ஒருவர் துணைக்குச் செல்லலாம். பங்கின் வின்சென்ட் டி போல் சபையினர் பயணச் செலவைப் பொறுப்பேற்கலாம். நோயுற்றிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்களா என்று ஆண்டவர் வினவும் நாளில், அந்தப் பேருந்துச் சீட்டும் நமக்காகச் சாட்சி பகரும்.

அன்புக்குரியவர்களே, குளிசையைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு நாளும் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள். ஆண்டவரே, இதை எனக்குத் தந்தவரும் நீரே, இதன் வழியாக என்னில் செயற்படுகிறவரும் நீரே என்று ஒரு சொல் மன்றாடுங்கள். யோர்தானின் நீரிலே நாமானைச் சந்தித்த இறைவன், உங்கள் கையிலுள்ள அந்தக் குவளை நீரிலும் உங்களைச் சந்திப்பாராக.