மெஷின் எங்கே, மீட்டர் எங்கே?

தீபாவளி முடிந்த மறுவாரம் எங்கள் ஊர் நாரணாபுரத்தில் ஓர் அமைதி வரும். பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடக்கும். பூஜை போட்டுத் திறக்க நாளாகும். வட்டிக்கடனைக் கட்டி, அடகு வைத்த நகையைத் திருப்பியது போக, போனஸில் மிச்சமான ஒரு தொகை வீடுகளில் இருக்கும் நாட்கள் அவை. அந்த நாட்களைக் குறிவைத்து ஒரு கூட்டம் வருகிறது. முன்பெல்லாம் சீட்டு, ஈமு கோழி, தேக்கு மரம் என்று வந்தார்கள். இப்போது வருகிறவர்கள் சொல்லும் வார்த்தை ‘மைனிங்’.

சரம் பின்னும் வேலைக்குப் போகிற அக்கா ஒருவர் தன் போனை என்னிடம் நீட்டினார். திரையில் ஒரு சின்னச் சுத்தியல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு எண் நிமிடத்துக்கு நிமிடம் கூடிக்கொண்டே போனது.

“தெனம் ஒருக்கா இந்தப் பட்டனைத் தட்டணும் தம்பி. அம்புட்டுதான், மத்ததெல்லாம் தானா ஓடும்.”

கட்டிய பணம் 40,000. திரையில் தெரிந்தது 1,12,000. பணமாக எடுக்க முடிகிறதா என்று கேட்டேன். “மொத மாசம் ரெண்டாயிரம் வந்துச்சு. இப்ப அவங்க காயினா மாத்திட்டாங்க. அடுத்த மாசம் தொறப்பாங்களாம்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இது நெசந்தானா?” என்று கேட்டார்.

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மைனிங் என்பது நிஜமான தொழில்தான். பிட்காயின் 2009 ஜனவரியில் தொடங்கியது. ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, அதுவரை நடந்த பணப் பரிமாற்றங்களை ஒரு பக்கமாகக் கட்டி, பொதுக் கணக்கில் சேர்க்கிறார்கள். அந்தப் பக்கத்தை யார் சேர்ப்பது என்பதற்கு ஒரு போட்டி. உலகெங்கும் உள்ள கணிப்பொறிகள் ஓர் எண்ணைத் தேடி ஊகித்துக்கொண்டே இருக்கும். முதலில் பிடிப்பவருக்குப் பரிசு. அந்தப் பரிசு ஆரம்பத்தில் 50 பிட்காயின். நான்காண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு உலகத்துக்கே சுமார் 450 பிட்காயின்தான்.

இனி நம்மூர்க் கணக்கைப் போடுவோம். ஆன்ட்மைனர் எஸ்19 ப்ரோ என்ற மைனிங் மெஷின் 3,250 வாட் மின்சாரம் இழுக்கும். மூன்று இஸ்திரிப் பெட்டிகளை இராப்பகலாக அணைக்காமல் வைத்ததற்குச் சமம். ஒரு நாளைக்கு 78 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் தினம் 624 ரூபாய் கரண்ட் பில். வரவு என்ன? 2025இல் உலக மைனிங் மெஷின்களின் மொத்த ஊக வேகம் நொடிக்கு ஒரு ஜெட்டாஹாஷ் என்ற பிரம்மாண்ட அளவைத் தொட்டது. அதில் இந்த ஒரு மெஷினின் பங்கு ஏறக்குறைய 91 லட்சத்தில் ஒன்று. ஒரு பிட்காயின் 80 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளுக்குக் கிடைப்பது சுமார் 400 ரூபாய். மெஷின் வாங்கிய காசைச் சேர்க்கவே இல்லை, அதற்குள் தினம் 200 ரூபாய்க்கு மேல் நட்டம். மைனிங் பெரிய அளவில் நடப்பதெல்லாம் மின்சாரம் மிக மலிவாகக் கிடைக்கும் இடங்களில்தான். மலிவாகக் கிடைக்காத இடங்களில் சிலர் திருடுகிறார்கள். மலேசியாவின் மிரி நகரில் 2021 ஜூலையில், திருட்டு மின்சாரத்தில் ஓடிய 1,069 மைனிங் மெஷின்களைப் போலீசார் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள்.

நம் ஊரில் யாராவது நிஜமாகவே மெஷின் வாங்கி வீட்டில் ஓட்ட நினைத்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126இன் கீழ் அங்கீகாரமற்ற உபயோகம். அதற்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கட்டவேண்டி வரும். அதைவிட எனக்குப் பயம் தருவது சூடு. காகிதக் கட்டும் அட்டையும் திரியும் புழங்குகிற தெருவில், பழைய ஒயரில் இராப்பகலாக மூன்று கிலோவாட் ஓடுவதை நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் போனில் ஆடுகிற அந்தச் சுத்தியல் என்ன? வெறும் படம். ஒரு செல்போனால் இந்தப் போட்டியில் எதையும் பிடிக்க முடியாது. கோடிக்கணக்கானவர் தினம் பட்டன் தட்டிய பை நெட்வொர்க்கிலும் போன் எந்தப் புதிரையும் அவிழ்ப்பதில்லை. அது வேறு முறையில், தட்டியவர்களுக்குக் காயினைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. அங்கே பணம் கட்டச் சொல்லவில்லை. பணம் கட்டச் சொல்லும் ஆப்பில் மைனிங் என்ற சொல் தூண்டில் முள் மட்டுமே.

இதே தூண்டில் இந்தியா முழுவதும் வீசப்பட்டிருக்கிறது. 2015இல் தொடங்கிய கெயின்பிட்காயின் திட்டத்தை நடத்தியவர் அமித் பரத்வாஜ். மைனிங் ஒப்பந்தத்தில் பிட்காயினைப் போட்டால் மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் பிட்காயினாகவே திருப்பித் தருவதாக வாக்கு. ஆள் சேர்த்தால் கமிஷன். 2017இல் புது ஆட்கள் வருவது குறைந்ததும் பிட்காயின் தருவதை நிறுத்திவிட்டு, ‘எம்கேப்’ என்ற தங்கள் சொந்தக் காயினைக் கொடுத்தார்கள். அதன் மதிப்பு பிட்காயினைவிட மிகக் குறைவு. அமலாக்கத் துறையின் கணக்கில் திரட்டப்பட்ட தொகை சுமார் 6,600 கோடி ரூபாய். பரத்வாஜை 2018இல் புனே போலீஸ் கைது செய்தது. 2022 ஜனவரியில் அவர் இறந்துபோனார். பல மாநிலங்களில் சிதறிக் கிடந்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சிபிஐயிடம் ஒப்படைத்தது. 2025 பிப்ரவரியில் சிபிஐ 60க்கும் மேற்பட்ட இடங்களில் சோதனை போட்டுப் பிடித்த கிரிப்டோவின் மதிப்பு 23.94 கோடி. 6,600 எங்கே, 24 எங்கே?

‘எச்பிஇசட் டோக்கன்’ ஆப்பில் 57,000 ரூபாய் கட்டினால் தினம் 4,000 வீதம் மூன்று மாதம் தருவதாகச் சொன்னார்கள். பிட்காயின் மைனிங் என்றே விளம்பரம். அமலாக்கத் துறை சொல்கிறபடி, பணம் ஒரே ஒரு தடவை வந்தது. அதன்பின் இன்னும் கட்டு என்றார்கள். அக்காவுக்கு வந்த அந்த முதல் மாத இரண்டாயிரத்தை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். அது லாபமில்லை, அடுத்தவர் கட்டிய காசு.

“அவங்க காயினா மாத்திட்டாங்க” என்று அக்கா சொன்னாரே, அதில்தான் விஷயம் இருக்கிறது. பணம் பணமாக இருக்கும்வரை கேட்கலாம். காயினாக மாற்றிய பிறகு, “உங்கள் பங்கு பத்திரமாக இருக்கிறது, விலைதான் இன்னும் ஏறவில்லை” என்று காலம் கடத்தலாம். பிட்காயினுக்கு மாற்றாக வந்த காயின்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாம் மோசடி அல்ல. ஆனால் நேர்மையாக நடக்கும் சின்னக் காயினுக்கே ஒரு பிறவிக் கோளாறு உண்டு.

நம் பக்கத்து மகமைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கடையும் தன் வியாபாரத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்குக் கொடுத்து, அந்தக் காசில் பள்ளிக்கூடமும் கிணறும் கட்டிய ஊர்கள் இவை. கணக்கு எல்லார் முன்னாலும் வாசிக்கப்படும். அந்தக் கணக்கு நோட்டின் நகல் ஆயிரம் வீடுகளில் இருந்தால் ஒருவர் நினைத்தால் திருத்த முடியாது. பத்தே வீடுகளில் இருந்தால்? கூலிக்குப் பதினோரு பேரைக் கூட்டிவந்து, “எங்கள் நோட்டுதான் சரி” என்று பெரும்பான்மை காட்டிவிடலாம். சின்னக் காயின்களில் இதுதான் நடந்தது. மைனிங் வேகத்தை மணிக்கணக்கில் வாடகைக்கே எடுக்கலாம். 2018 மே மாதம் பிட்காயின் கோல்டு என்ற காயினின் கணக்கை இப்படித் திருத்தி, சுமார் 1.8 கோடி டாலர் மதிப்புள்ள காயினை இரண்டு தடவை செலவழித்தார்கள். எத்தீரியம் கிளாசிக் 2019 ஜனவரியில் அடிவாங்கியது. 2020 ஆகஸ்டில் மறுபடி, ஒரே மாதத்தில் மூன்று முறை.

இது கணக்கு நோட்டு இருக்கும் காயின்களின் கதை. நோட்டே இல்லாததும் உண்டு. ஒன்காயின் என்று 2014 முதல் உலகம் முழுக்க விற்றார்கள், நவி மும்பையில்கூடக் கூட்டம் போட்டார்கள். அதற்குப் பொதுக் கணக்கு என்ற ஒன்றே இருக்கவில்லை. நிறுவிய ருஜா இக்னடோவா 2017இல் காணாமல் போனவர், 2022இல் எப்பிஐயின் தேடப்படும் பத்துப் பேர் பட்டியலில் ஏறினார். 2021 நவம்பரில் ‘ஸ்குவிட் கேம்’ காயின் 2,861 டாலர் வரை ஏறிச் சில நிமிடங்களில் பூஜ்யமானது. வாங்கினவர்களால் விற்க முடியாதபடி அதை எழுதி வைத்திருந்தார்கள். பெரிய காயினும் தப்பவில்லை. 2022 மே தொடக்கத்தில் சுமார் 80 டாலராக இருந்த லூனா, அந்த மாதம் பாதி முடிவதற்குள் ஒரு காசுக்கும் கீழே போனது.

நாரணாபுரத்துக்காரர்கள் ஏமாறக் கூடாது என்று நான் ஆத்திரப்படுவதற்குக் காரணம் உண்டு. பொருளை உற்பத்தி செய்யத் தெரிந்தவர்கள் நாம். பட்டாசுப் பெட்டியை எடுத்தால் யார் செய்தது, லைசென்ஸ் என்ன என்று பார்க்கத் தெரியும். லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்க, உள்குத்தகைக்கு எடுத்து இன்னொருவர் ஆலையை ஓட்டினால் என்ன ஆகும் என்று நம்மைப் போல் அனுபவித்தவர் யாருமில்லை. விபத்து நடந்ததும் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். மைனிங் திட்டமும் அதேதான். கம்பெனி வெளிநாட்டில், ஆப் யாரோ ஒருவருடையது, பணம் போகிற வங்கிக் கணக்கு மூன்றாமவர் பேரில். ஆகவே ஆலையைப் பற்றிக் கேட்பது போலவே கேளுங்கள். மெஷின் எங்கே இருக்கிறது? மீட்டர் யார் பேரில்? இந்தக் காயினை உங்களைத் தவிர வேறு யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது? கிரிப்டோ இந்தியாவில் ரூபாய்க்குச் சமமான பணம் அல்ல, தடை செய்யப்பட்டதும் அல்ல. கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு, ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. மைனிங்குக்கு ஆன கட்டமைப்புச் செலவையும் கழிக்க விடமாட்டார்கள். வங்கி மூழ்கினால் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, காயினுக்கு அது கிடையாது. காயின் வாங்கி விற்கும் தளங்கள் 2023 மார்ச் முதல் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆகவே நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்யாத தளத்தில் காசு போடாதீர்கள்.

சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபர் 25 அன்று தந்த தீர்ப்பு ஒரு பிடிமானம். வசீர்எக்ஸ் தளத்தில் 2024 ஜூலையில் நடந்த இணையத் திருட்டுக்குப் பிறகு, திருடு போகாத தன் எக்ஸ்ஆர்பி காயின்களும் முடக்கப்பட்டதை எதிர்த்து ஒருவர் வழக்குப் போட்டிருந்தார். கிரிப்டோ ஒரு சொத்து, அதை மற்றவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கூறி, இடைக்காலப் பாதுகாப்பும் கொடுத்தார். போனில் தெரியும் எண்தானே என்று இனி யாரும் கையை விரிக்க முடியாது.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் மறிக்க அதுதான் வழி. எந்தக் காவல் நிலையமும் எல்லையைக் காரணம் காட்டிப் புகாரை மறுக்கக் கூடாது, புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் பிரிவு 173 அதைச் சொல்கிறது. மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். ஒரே திட்டத்தில் பலர் ஏமாந்திருந்தால் சேர்ந்து பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போங்கள். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தில் நடத்தியவர்களின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டுப் பங்கிட முடியும். அதற்கான தனி நீதிமன்றம் மதுரையில் இருக்கிறது. ஆண்டுகள் ஆகும், முழுப்பணமும் வருவது அரிது. ஆனாலும் புகாரில் பேர் இல்லாதவருக்குப் பங்கும் இல்லை.

வக்கீலுக்குக் காசில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஆலைக்குப் போகிற அத்தனை பேரும் இதில் வருவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100க்கும் பேசலாம்.

இன்னும் மூன்று குழிகள் உண்டு. போட்ட காசை எடுக்கத் தங்கச்சியையும் மதினியையும் சேர்த்துவிடுகிறார்கள். ஆள் சேர்ப்பது 1978ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டப்படி குற்றம், ஏமாந்தவரே குற்றவாளியாகி நிற்பார். ‘கமிஷன் தர்றோம்’ என்று பையன்களின் வங்கிக் கணக்கையும் சிம்மையும் கேட்கிறார்கள். அந்தக் கணக்கில் திருட்டுப் பணம் புழங்கினால் கணக்கு முடங்கும், போலீஸ் முதலில் வந்து கதவைத் தட்டுவது பையனின் வீட்டில்தான். கடைசியாக, “போன பணத்தை மீட்டுத் தருகிறோம், வரி மட்டும் கட்டுங்கள்” என்று ஒரு போன் வரும். அதைப் பேசுகிறவனும் அதே கூட்டம்.

அக்காவிடம் ஆப்பை அழிக்க வேண்டாம் என்று சொன்னேன். திரையைப் படம் பிடித்தோம். ஜிபேயில் பணம் போன தேதி, யூ.டி.ஆர். நம்பர், போய்ச் சேர்ந்த கணக்கின் பேர், சேர்த்துவிட்டவரின் போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் தன் கையாலேயே எழுதினார். எழுதி முடித்துவிட்டு, அதே ஆப்பில் பணம் போட்ட தன் ஆலைத் தோழிகள் நான்கு பேருக்கு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தார்.