நோய் தெரியாத விலங்கும் தனிமைப்படுத்தும் நாட்களும்

வெளிநாட்டிலிருந்து உயிருடன் வந்திறங்கும் விலங்கை உடனடியாக உரியவர் கையில் ஒப்படைத்துவிடக் கூடாது என்பது உலகெங்கும் பொதுவான விதி. அதைச் சில நாட்களோ சில வாரங்களோ தனியே வைத்து, நோய்க்குறி ஏதும் தெரிகிறதா என்று பார்த்து, இரத்தத்தையும் எச்சத்தையும் சோதித்த பின்னரே வெளியே விடுவார்கள். இறைச்சிக்கு வரும் ஆடு, பாலுக்கு வரும் பசு, வீட்டுக்கு வரும் நாய், ஆய்வுகூடத்துக்கு வரும் வெள்ளெலி எல்லாவற்றுக்கும் இந்தத் தனிமைப்படுத்தலின் அடிப்படை ஒன்றுதான். பார்வைக்கு நலமாகத் தெரிவதாலேயே ஒரு விலங்கை நோயற்றது என்று கொள்ள முடியாது.

இதன் உண்மையை இலங்கையின் வடக்கும் கிழக்கும் 1987இல் அனுபவித்தே அறிந்தன. மாடுகளைக் கூட்டங்கூட்டமாகச் சாய்க்கும் வெக்கை நோய் 1946க்குப் பிறகு இலங்கையில் இருக்கவில்லை. நாற்பது ஆண்டுகளில் அதைக் கண்ணால் கண்ட கால்நடை வைத்தியர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இளையவர்களுக்கு அது பாடநூலில் படித்த நோய். 1987 ஜூலை 29இல் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகி, இந்திய அமைதி காக்கும் படை வந்திறங்கியது. படையினரின் இறைச்சித் தேவைக்காக இந்தியாவிலிருந்து ஆடுகள் உயிருடன் கொண்டுவரப்பட்டன. அந்த ஆடுகளோடுதான் வெக்கை நோயின் வைரசும் கடல் கடந்தது என்பதே கால்நடை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கும் விளக்கம்.

வெக்கை கண்ட மாட்டுக்கு முதலில் கடும் காய்ச்சல் வரும். கண்ணும் மூக்கும் ஒழுகும், வாயின் உட்புறம் புண்ணாகும், தீனி தின்னாது. பின்னர் தண்ணீராகக் கழிந்து, உடல் நீர் வற்றி, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் சாகும். எதிர்ப்புச் சக்தி இல்லாத மந்தையில் நோய் புகுந்தால் மிஞ்சுவது கொஞ்சம். ஆட்டிலோ அதே வைரஸ் அவ்வளவு கொடுமை காட்டுவதில்லை. இலேசான காய்ச்சலோடு போய்விடலாம், வெளியே எதுவும் தெரியாமலும் இருக்கலாம். சில நாட்களில் அறுக்கப்படப் போகும் ஆடுதானே என்றும் தோன்றும். அந்தச் சில நாட்களுக்குள் அது மாடுகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தால், ஒரே தரவையில் மேய்ந்தால் போதும்.

அந்த ஆடுகள் மூன்று வாரம் காவலில் நின்றிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். வெக்கையில் வைரஸ் உடலுக்குள் புகுந்து நோய் வெளித்தெரிய ஆகும் காலம் ஏறத்தாழ 3 முதல் 15 நாட்கள். சர்வதேச வணிகத்துக்கு இதை 21 நாட்களாகக் கணக்கிட்டார்கள். அந்த இடைவெளியில் ஏதாவது ஓர் ஆட்டுக்கேனும் காய்ச்சல் கண்டிருக்கும். எதுவும் தெரியாவிட்டாலும் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள் வைரஸ் வந்துபோனதைக் காட்டிக்கொடுத்திருக்கும். காவலின்றி நுழைந்த நோய் எளிதில் போகவில்லை; இலங்கையில் வெக்கை கண்ட கடைசி மாடு பதிவானது 1994இல். போர் நடக்கும் நிலத்தில் மந்தை மந்தையாகத் தடுப்பூசி போடுவது எவ்வளவு கடினம் என்பதை இந்த ஏழு ஆண்டுகளே சொல்லும். ஏர், வண்டில், பால், செம்மண் தோட்டத்து வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் வேண்டிய எரு என்று மாட்டை நம்பியிருந்த குடும்பங்களுக்கு ஒரு மாட்டின் சாவே பெரிய அடி. இந்தியாவில் வெக்கை கடைசியாகக் காணப்பட்டது 1995இல், தமிழ்நாட்டில். 2011இல் நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதர் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அது. இன்று வெக்கை வைரஸ் இருப்பது சில ஆய்வுகூடங்களின் உறைபெட்டிகளில் மட்டுமே. பிரித்தானியாவின் பேர்பிரைட் நிறுவனம் தன்னிடமிருந்த ஆயிரக்கணக்கான குப்பிகளை 2019 ஜூனில் அழித்தது.

விலங்குகளின் எல்லை கடந்த பயணத்துக்கு உலகப் பொது விதிகள் உருவானதற்கும் வெக்கையே காரணம். 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேற்றப்பட்ட மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. அங்கிருந்து நோய் பெல்ஜிய மந்தைகளுக்குப் பரவியது. அந்த அதிர்ச்சியின் விளைவாக 28 நாடுகள் 1924 ஜனவரி 25இல் பாரிசில் ஒன்றுகூடிச் செய்த ஒப்பந்தமே இன்றைய உலக விலங்கு நல அமைப்பின் தொடக்கம். எந்த நோய்க்கு எத்தனை நாள், எந்த விலங்குக்கு எந்தச் சோதனை என்று நாடுகள் வகுக்கும் விதிகளுக்கு இந்த அமைப்பின் நெறித்தொகுப்பே அடிப்படை.

நாட்களின் எண்ணிக்கை நோய்க்கு நோய் மாறும். கால்வாய் நோய்க்கு நெறித்தொகுப்பு 14 நாட்களைக் கணக்கில் கொள்கிறது, விசர்நோய்க்கு ஆறு மாதங்களை. அமெரிக்காவில் இறங்கும் குரங்குகள் குறைந்தது 31 நாட்கள் தனிமையில் இருக்க வேண்டும். காசநோய்க்கான சோதனையும் இந்தக் காலத்துக்குள் திரும்பத் திரும்பச் செய்யப்படும். ஒரே கொட்டகையில் இருக்கும் கூட்டத்தில் ஒன்று நோயுற்றால் நாட்கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். முதலில் வந்த தொகுதியின் காலம் முடியுமுன் அதே அறைக்குள் இன்னொரு தொகுதியை விட்டாலும் அப்படித்தான். அதனால் ஒரு தொகுதி முழுவதும் ஒன்றாக உள்ளே போய், ஒன்றாகவே வெளியே வரும்.

இலங்கையில் இந்தக் காவலுக்குச் சட்டப் பலம் தருவது 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம். பொறுப்பு பேராதனையைத் தலைமையிடமாகக் கொண்ட கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்துடையது. விலங்கு புறப்படுமுன்பே இறக்குமதி அனுமதி கையில் இருக்க வேண்டும்; வந்திறங்கிய பின் மனுப் போடுவதற்கு இடமில்லை. என்ன இனம், எத்தனை, எந்தப் பண்ணையிலிருந்து, எந்த வழியாக என்பதெல்லாம் அனுமதி கேட்கும்போதே தெரிந்திருக்க வேண்டியவை. ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரச கால்நடை வைத்தியர் கையொப்பமிட்ட சுகாதாரச் சான்றிதழ் விலங்கோடு கூடவே வர வேண்டும். வாசலில் தடுப்புக்காப்பு அதிகாரி தாள்களையும் விலங்கையும் ஒத்துப் பார்ப்பார். காட்டு விலங்கானால் வனசீவராசிகள் திணைக்களமும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையும் குறுக்கே வரும்.

ஆய்வுகூட விலங்குகளைப் பொறுத்தவரை இந்தப் பொது விதிகள் தொடக்கம் மட்டுமே. பண்ணை விலங்கின் நோய் முதலில் மற்றப் பண்ணை விலங்குகளுக்கு ஆபத்து. ஆய்வுகூட விலங்கோ நாளெல்லாம் மனிதர் கையில் இருப்பது. ஊசி போடுகிறார்கள், இரத்தம் எடுக்கிறார்கள், உறுப்பை வெட்டிப் பார்க்கிறார்கள். 1932இல் நியூயோர்க்கில் வில்லியம் பிரெப்னர் என்ற இளம் மருத்துவரை ஆய்வுக் குரங்கொன்று கடித்தது. குரங்குக்குப் பெரும்பாலும் சிறு வாய்ப்புண்ணோடு போய்விடும் வைரஸ் அவரது உயிரைக் கொண்டுபோயிற்று. அவர் பெயரின் முதலெழுத்தாலேயே அது இன்றும் பி வைரஸ் என்று அழைக்கப்படுகிறது. 1967இல் உகண்டாவிலிருந்து ஜெர்மனிக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் போன பச்சைக் குரங்குகளின் சிறுநீரகங்களைத் தடுப்பூசி வேலைக்கு எடுத்தபோது 31 பேர் அதுவரை அறியாத இரத்தப்போக்குக் காய்ச்சலுக்கு ஆளானார்கள். ஏழு பேர் இறந்தார்கள். மார்பர்க் நகரின் பெயரைக் கொண்ட வைரஸ் அப்படித்தான் தெரியவந்தது.

1989இல் பிலிப்பைன்சிலிருந்து அமெரிக்காவின் ரெஸ்டனுக்கு வந்த குரங்குகள் எபோலா குடும்பத்து வைரசால் அடுத்தடுத்துச் செத்தன. ஆனால் அவை செத்தது தனிமைப்படுத்தல் கட்டடத்துக்குள். ஆய்வுகூடங்களுக்கு அனுப்பப்படுமுன் நோய் அங்கேயே பிடிபட்டது. பராமரிப்பாளர் சிலரின் உடலிலும் வைரஸ் புகுந்திருந்தது. அந்த வகை மனிதரை நோயாளியாக்குவதில்லை என்பதால் எவரும் சாகவில்லை. தனிமைப்படுத்தல் என்ன வேலை செய்யும் என்பதற்கு ரெஸ்டனை விடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

குரங்கைக் கண்டு எச்சரிக்கையாக இருப்பவர்கள் எலியை எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. சியோல் வைரஸ் எனப்படும் ஹண்டா வகை வைரசை எலி ஆயுள் முழுவதும் உடலில் சுமக்கும். அதற்கு ஒரு தும்மல்கூட வராது. அதன் சிறுநீர் காய்ந்து தூசியோடு கலந்தால், சுவாசிக்கும் மனிதருக்குக் காய்ச்சலும் சிறுநீரகக் கோளாறும் வரும். ஜப்பானில் 1970களிலும் 1980களின் முற்பகுதியிலும் ஆய்வுகூட எலிகளால் நூற்றுக்கு மேற்பட்ட ஊழியர்கள் இவ்வாறு நோயுற்றார்கள்.

மனிதருக்குத் தொற்றாத எலி நோய்களும் வாசலில் தடுக்கப்பட வேண்டியவையே. ஈரலைக் காக்கும் என்று நம்பப்படும் மூலிகைக் குடிநீர் ஒன்றைச் சுண்டெலிகளில் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தச் சுண்டெலிகளுக்கு ஈரல் அழற்சி வைரஸ் தொற்றியிருந்தால், மருந்து கொடுக்காமலேயே இரத்தத்தில் ஈரல் நொதிகள் ஏறும், பின் தானாகவே இறங்கும். ஆய்வாளர் அந்த இறக்கத்தை மூலிகையின் குணம் என்று எழுதிவிடுவார். ஆண்டுகள் உழைத்த ஆய்வு அதோடு கெட்டது. விலங்குகள் வீணாகச் செத்ததும் மிச்சம்.

எலிகளின் தனிமைப்படுத்தல் அறை இதற்கென்றே அமைந்தது. காற்று அறைக்குள் போகலாம், நடைபாதைக்குத் திரும்பி வராதபடி அழுத்தம் குறைத்து வைக்கப்பட்டிருக்கும். வந்த பெட்டியின் வெளிப்புறத்தைக் கிருமிநாசினியால் துடைத்த பின்னரே உள்ளே எடுப்பார்கள். கூட்டைத் திறப்பது வடிகட்டிய காற்று ஓடும் பேழைக்குள் மட்டும். பராமரிப்பாளர் அன்றைய வேலைகளில் இந்த அறையைக் கடைசியாகவே வைத்துக்கொள்வார். இங்கே நுழைந்தவர் அன்று மற்ற எலிகளிடம் போகக் கூடாது. அழுக்கு மரத்தூளும் மிச்சத் தீனியும் நீராவி அழுத்தத்தில் வெந்த பிறகே குப்பைக்குப் போகும்.

வந்த எலிகள் விலை உயர்ந்தவை, எண்ணிக்கையில் குறைந்தவை. அவற்றைக் கொன்று பார்க்க முடியாது என்பதால் காவல் எலிகள் வைக்கப்படுகின்றன. நோயற்றவை என்று உறுதியான சில எலிகளைப் பக்கத்துக் கூட்டில் விட்டு, புதியவற்றின் கூட்டிலிருந்து எடுத்த அழுக்கு மரத்தூளை வாராவாரம் அவற்றின் கூட்டில் கலப்பார்கள். புதியவற்றிடம் வைரசோ குடற்புழுவோ இருந்தால் சில வாரங்களில் காவல் எலிகளுக்குத் தொற்றும். பிறகு காவல் எலிகளின் இரத்தத்தைச் சோதித்தால் போதும். மரத்தூள் வழியாகப் பரவாத கிருமிகளும் உண்டு, குறிப்பாகச் சுவாசத்தால் பரவுபவை. அதனால் இப்போது உரோமத்திலும் எச்சத்திலும் கூட்டின் காற்றுக்குழாய்த் தூசியிலும் பி.சி.ஆர். முறையில் கிருமியின் மரபணுவையே தேடுகிறார்கள்.

உயிருள்ள விலங்கை மட்டும் காவல் காத்தால் போதாது. 1995இல் அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ ஆய்வுகூடமொன்றில் சுண்டெலிகள் எலியம்மையால் செத்தன. தேடிப் பார்த்தபோது, நோய் வந்த வழி சீனாவிலிருந்து விலைக்கு வாங்கிய சுண்டெலி இரத்தநீர் என்று தெரிந்தது. இரத்தநீர், உயிரணுக்கள், கட்டித் திசுக்கள் ஆகியவையும் இறக்குமதி அனுமதிக்கு உட்படுவது இதனால்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இந்த விதிகள் இப்போது முன்னைவிட நெருக்கமானவை. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாயிற்று. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் மூடிக் கிடந்த வழிகள் திறந்திருக்கின்றன. வந்திறங்குபவரின் கூடையில் ஒரு நாய்க்குட்டியோ ஒரு சோடி முயலோ இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

இலங்கைப் பல்கலைக்கழகங்கள் விஸ்டார் எலிகளையும் சுண்டெலிகளையும் பெரும்பாலும் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திடமிருந்து வாங்குகின்றன. எல்லையைக் கடக்காத இந்த விலங்குகளுக்குச் சட்டப்படியான தடுப்புக்காப்பு இல்லை. ஆயினும் வாங்கிய நிறுவனத்தில் தனியறையும் அவதானிப்பும் வேண்டும். பயணத்தின் அதிர்ச்சி இன்னொரு காரணம். எலிக்கு உகந்த வெப்பம் ஏறத்தாழ 20 முதல் 26 பாகை செல்சியஸ். கொழும்பிலிருந்து வீதி வழியே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடி, யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் இறங்கும் எலியின் எடையும் ஓமோன்களும் இயல்பு நிலையில் இரா. குறைந்தது மூன்று நாட்களாவது, பொதுவாக ஒரு வாரம், எந்தச் சோதனைக்கும் உட்படுத்தாமல் விட வேண்டும். குளிர்சாதன வாகனம், பயணத்தில் தண்ணீருக்குப் பதிலாக நீர்க்களி, மின்சாரம் தடைப்பட்டால் ஓடும் மின்பிறப்பாக்கி ஆகியவை ஆய்வுத் திட்டத்தின் செலவுக் கணக்கிலேயே இருக்க வேண்டியவை.

தனிமைப்படுத்தலால் எல்லா நோய்களையும் நிறுத்திவிட முடியாது. 2020இல் வட மாகாணத்து மாடுகளின் தோலில் கட்டி கட்டியாக எழுந்த கழலை நோய் கடிக்கும் ஈக்களாலும் நுளம்புகளாலும் பரவுவது. பூச்சிகள் துறைமுக வாசலில் அனுமதிப்பத்திரம் காட்டுவதில்லை. அத்தகைய நோய்களுக்குத் தடுப்பூசியும் பூச்சிக் கட்டுப்பாடும் மாடுகளின் நடமாட்டத் தடையுமே வழி.

காவல் முடிவில் நோய் உறுதியானால் விலங்கைத் திருப்பி அனுப்புவதோ அழிப்பதோ வழக்கம். மீண்டும் கிடைக்காத மரபு வரிசையைச் சேர்ந்த சுண்டெலிகளானால் மூன்றாவது வழி உண்டு. அவற்றின் கருக்களை எடுத்துக் கழுவி, நோயற்ற தாய்ச் சுண்டெலியின் கருப்பையில் வைப்பார்கள். நோயுற்ற பெற்றோர் தனிமைப்படுத்தல் அறையோடு முடிந்துபோக, அங்கே பிறக்கும் குட்டிகள் வளர்ந்து சோதனையில் தேறிய பின் ஆய்வுகூடத்துக்குள் அனுமதிக்கப்படும்.